ஆறு நாள் நடைப்பந்தயத்தில் ஒரு கொலை: விக்டோரியா காலத் துப்பறியும் கதை எழுதுவோருக்கு

விக்டோரியா காலத்து விளையாட்டு உலகத்தைக் களமாக வைத்துத் துப்பறியும் கதை எழுதக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேராகக் குதிரைப் பந்தயத்துக்குப் போய்விடுகிறார்கள். குதிரைப் பந்தயத்தில் மோசடிக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் கொலைக் கதைக்கு அதைவிட நூறு மடங்கு வசதியான களம் ஒன்று லண்டன் இஸ்லிங்டனில் இருந்தது. 1862-ல் கால்நடைக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட அக்ரிகல்சுரல் ஹால்தான் அது. இரும்பும் கண்ணாடியும் சேர்ந்த பெரிய கூரை, சுற்றிலும் மாடம், இரவெல்லாம் எரியும் வாயு விளக்கு. அங்கே 1870-களில் ஆறு நாள் நடைப்பந்தயங்கள் நடந்தன.

ஏன் ஆறு நாள்? ஞாயிற்றுக்கிழமை பொதுக் கேளிக்கை கூடாது. அதனால் ஞாயிறு நள்ளிரவு கழிந்து, திங்கள் அதிகாலை ஒரு மணிக்குத் தொடங்கி, சனிக்கிழமை இரவோடு முடித்துவிடுவார்கள். இந்த நேரக் கட்டு கதாசிரியருக்குக் கிடைத்த வரம். கதைக்கு எப்போது தொடங்கும், எப்போது முடிய வேண்டும் என்ற கெடு முன்கூட்டியே விதிக்கப்பட்டுவிட்டது. சந்தேகப்பட வேண்டிய அத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள்.

நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சர் ஜான் ஆஸ்ட்லி ஒரு சாம்பியன் பெல்ட்டும் 500 பவுண்டு முதல் பரிசும் வைத்து நடத்திய முதல் போட்டி 1878 மார்ச் 18 முதல் 23 வரை நடந்தது. அதற்கு முன் ‘இது நடையா, ஓட்டமா’ என்று குதிகாலைப் பார்த்துச் சண்டை போடுவது வழக்கம். ஆஸ்ட்லி அந்தச் சண்டையை ஒழித்தார். நடக்கலாம், ஓடலாம், விருப்பம்போல் போகலாம், ஆறு நாளில் யார் அதிக மைல் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவிலிருந்து வந்த டேனியல் ஓலியரி 520 மைல் போய் வென்றார். செஸ்டர் நகரத்து ஹென்றி வாகன் 500 மைல். ஹாலுக்குள் இரண்டு தடங்கள் போட்டிருந்தார்கள். வெளித்தடத்தில் 7 சுற்று ஒரு மைல், அது ஆங்கிலேயர்களுக்கு. உள்தடத்தில் 8 சுற்று ஒரு மைல், அது வெளிநாட்டவருக்கு, அதாவது ஓலியரிக்கு மட்டும்.

இந்த எண்களைக் கதாசிரியர் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். 8 சுற்றுக்கு ஒரு மைல் என்றால் ஒரு சுற்று 220 கெஜம், சுமார் 200 மீட்டர். மணிக்கு 4 மைல் வேகத்தில் நடக்கிறவன் ஒரு சுற்றை இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடுவான். 520 மைல் என்பது 4,160 சுற்று. ஒவ்வொரு சுற்றும், சுற்றுகளை எண்ணி எழுதுகிற கணக்கரின் மேசையில் கோடாக விழுகிறது. தடத்தில் இருக்கிற எவனும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கரின் கண் முன்னால் கடந்து போகிறான் என்று இதற்கு அர்த்தம்.

ஆகவே ‘அந்த நேரத்தில் அவன் எங்கே இருந்தான்’ என்ற கேள்விக்கு இங்கே எழுத்திலேயே பதில் இருக்கிறது. போட்டியாளன் தடத்தை விட்டு விலகினால் அது தாளில் வெற்றிடமாகத் தெரியும். பல கதைகளில் போட்டியாளனையே கொலையாளியாக்கிவிட்டு, அவன் ‘சற்றே நழுவிப் போனான்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆறு நாள் பந்தயத்தில் அது நடக்காது. அவன் நழுவ வேண்டுமானால் தடத்தோரம் அவனுக்குப் போட்டிருக்கிற கூடாரத்துக்குள் தூங்குகிற நேரத்தில்தான் நழுவ வேண்டும். நாளொன்றுக்கு மூன்று நான்கு மணி நேரமே தூக்கம். அப்போதும் கூடாரத்து வாசலில் அவனுடைய ஆள் உட்கார்ந்திருப்பான். அந்த ஆளையும் சேர்த்து விலைக்கு வாங்கினால்தான் கதை நிற்கும்.

கணக்கர் மேசையில் தவறு எங்கே நேரும் என்பதையும் யோசித்துவிடலாம். அதிகாலை மூன்று மணிக்குக் கூட்டம் கரைந்திருக்கும், புகையிலைப் புகை தலைக்கு மேல் தொங்கும், கணக்கர் கண்ணயர்வார். ஒரு சுற்று விட்டுப்போகும், அல்லது ஒன்று கூடுதலாக விழும். ஆனால் இதை வைத்து ‘வெற்றியைத் திருடினார்கள்’ என்று கதை கட்டினால் விஷயம் தெரிந்த வாசகர் நம்ப மாட்டார். முதல் போட்டியில் ஓலியரிக்கும் வாகனுக்கும் இடையே 20 மைல் வித்தியாசம். உள்தடத்துக் கணக்கில் 160 சுற்று. பத்து இருபது சுற்றைக் கள்ளத்தனமாகச் சேர்த்து அதை மாற்ற முடியாது.

கள்ளச் சுற்று பயன்படுகிற இடம் வேறு. வாசல் வசூலில் பங்கு பெற ஒரு குறைந்தபட்ச மைல் கணக்கு வைப்பார்கள். 1879 மார்ச்சில் நியூயார்க் கில்மோர்ஸ் கார்டனில் நடந்த மூன்றாவது ஆஸ்ட்லி பெல்ட் போட்டியில் அந்த எல்லை 450 மைல். சார்லஸ் ரவல் 500 மைலில் வென்றார், ஜான் என்னிஸ் 475, சார்லஸ் ஹாரிமன் சரியாக 450. அந்த 450-ஐத் தொடுவதற்கு ஹாரிமன் பட்ட பாடு அந்தப் போட்டியின் பெரிய காட்சியாக இருந்தது. அந்தமுறை ரவல் வீட்டுக்குக் கொண்டுபோனது ஏறக்குறைய 20,000 டாலர். அப்படியானால் 449-வது மைலில் விழுந்துவிட்டவனுக்கு 8 சுற்று என்பது வாழ்நாள் சம்பாத்தியம். மூன்றாம் இடத்துக்காரன் எல்லையைத் தாண்டாவிட்டால் மேலே உள்ள இருவருக்கும் பங்கு கூடும். கொலைக்கு நோக்கம் தேடுகிறவர்கள் முதலிடத்தைப் பார்க்காமல் இந்த எல்லைக் கோட்டைப் பார்க்க வேண்டும். ‘அவன் 500 தொடுவானா’ என்ற பந்தயப் பணமும் இதே மாதிரி ஒரு கோட்டைச் சுற்றித்தான் ஓடும்.

இனி விஷம். இந்தக் களத்தில் மிகவும் செழிப்பான பகுதி இதுதான், மிகவும் தவறாக எழுதப்படுவதும் இதுதான்.

நடக்கிறவன் உட்கார்ந்து சாப்பிடுவது அபூர்வம். மாட்டிறைச்சிச் சாறு, முட்டை, தேநீர், ஜெல்லி, பிராந்தி, ஷாம்பெயின் என எது கொடுத்தாலும் கூடாரத்து வாசலில் கோப்பையை வாங்கி, நடந்துகொண்டே ஒரே மடக்காகக் குடித்துவிட்டுத் திருப்பி எறிவான். நாலாவது நாளில் அவனுக்கு வாய்ச்சுவை இருக்காது. 1882-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரவல் முதல் 300 மைலை 58 மணி 17 நிமிடத்தில் முடித்து யாரும் தொட முடியாத இடத்தில் இருந்தார். அப்போது தவறுதலாகக் கையில் கிடைத்த வினிகரைக் குடித்துவிட்டு வயிறு கெட்டுப் போட்டியிலிருந்தே விலகினார். ஜார்ஜ் ஹேஸல் 600 மைல் போய் வென்றார், அந்தத் தூரத்தைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். உலகத்தின் சிறந்த நடைவீரன் வினிகரை விழுங்கும்வரை உணரவில்லை என்றால், கசப்பான மருந்து கலந்த பிராந்தியை விழுங்க மாட்டானா? கதாசிரியருக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

கசப்பு என்றதும் நம் ஊர் மரம் ஒன்று இந்தக் கதைக்குள் வந்துவிடுகிறது. ‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்று பழமொழி சொல்கிறோமே, அந்த எட்டிதான். எட்டிக்கொட்டையிலிருந்து கிடைக்கிற ஸ்ட்ரிக்னின் அக்காலத்தில் எலி கொல்லவும் பயன்பட்டது, மிகச் சிறிய அளவில் நரம்புக்கு வலுவூட்டும் மருந்தாகவும் பயன்பட்டது. களைத்துப்போன ஓட்டக்காரனுக்கு அதைக் கொடுப்பது விக்டோரியா காலத்துக்குப் பிறகும் நீடித்தது. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் கிரெயினில் அறுபதில் ஒரு பங்கு ஸ்ட்ரிக்னின் முட்டை வெண்கருவோடு கொடுத்தார்கள். பிறகு பிராந்தியும் சேர்த்தார்கள். ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். ஆக அது ஒரு மில்லிகிராம் அளவுதான். மருந்தாகிற அளவுக்கும் ஆளைக் கொல்கிற அளவுக்கும் இடைவெளி குறுகல். அந்தக் குறுகலில்தான் கதை இருக்கிறது.

1870-களில் ஊக்க மருந்து குற்றமில்லை. 1876 பிப்ரவரியில் இதே அக்ரிகல்சுரல் ஹாலில் எட்வர்ட் பேசன் வெஸ்டன் 24 மணி நேரத்தில் 109½ மைல் நடந்தார். எதிரே நின்ற வில்லியம் பெர்கின்ஸ் 65½ மைலில் விட்டுவிட்டார். வெஸ்டன் கோகா இலை (கொக்கெய்ன் கிடைக்கிற இலை) மென்றது வெளிவந்தபோது மருத்துவப் பத்திரிகைகளில் விவாதம் நடந்ததே தவிர வெற்றி பறிபோகவில்லை. அதனால் பயிற்சியாளரின் பையில் ஸ்ட்ரிக்னின் இருந்தது என்பதை மட்டும் வைத்து உங்கள் துப்பறிவாளர் யாரையும் கைது செய்ய முடியாது. ‘ஆமாம், வலுவுக்குக் கொடுத்தேன், எல்லோரும் கொடுக்கிறார்கள்’ என்பான் பயிற்சியாளர். அது உண்மையாகவும் இருக்கும். அளவு மாறியது எப்போது, எந்தக் கோப்பையில், யார் கையால் என்று துப்பறிவாளர் தேட வேண்டும்.

அடுத்த சிக்கல் இன்னும் நல்லது: டெட்டனஸ் என்கிற ரண ஜன்னி. இறந்தவன் நாலு நாளாகக் கால் கொப்புளம் உடைந்து, செருப்பின் முன்பக்கத்தை வெட்டிவிட்டு, மாடும் குதிரையும் வந்துபோகிற ஹாலில் போட்ட மண்ணில் நடந்தவன். ஸ்ட்ரிக்னினால் உடல் வில்லாக வளைந்து இழுத்துச் செத்தால் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது ரண ஜன்னிதான். அதற்குக் காரணமான கிருமி 1880-களில்தான் அடையாளம் காணப்பட்டது. ஆனால் புண்ணிலிருந்து இந்த நோய் வரும் என்பது அதற்கு வெகு முன்பே தெரிந்த விஷயம்.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி என்பதற்கு நிஜ வழக்கே இருக்கிறது. ஸ்டாஃபர்ட்ஷயர் ரூஜ்லி ஊர் மருத்துவர் வில்லியம் பாமர் குதிரைப் பந்தயக் கடனில் மூழ்கியவர். 1855 நவம்பரில் அவருடைய நண்பர் ஜான் பார்சன்ஸ் குக்கின் குதிரை போல்ஸ்டார் ஷ்ரூஸ்பரியில் ஜெயித்தது. சில நாட்களில் குக் ரூஜ்லி விடுதி அறையில் உடல் வளைந்து இறந்தார். இழுப்புக்கு நடுவே நினைவோடு இருந்து, தன்னைப் புரட்டிப் போடச் சொன்னார். வழக்கில் பாமர் தரப்பு வாதம் என்ன தெரியுமா? ரண ஜன்னி. அரசுத் தரப்பில் சர் பெஞ்சமின் பிராடி போன்ற அறுவை மருத்துவர்கள் வந்து சொன்ன வித்தியாசங்கள் கதைக்கு அப்படியே உதவும். ரண ஜன்னி தாடையில் தொடங்கி மெதுவாக இறங்கும், நாள்கணக்கில் முற்றும், இழுப்பு விட்ட நேரத்திலும் உடம்பு முறுக்கு தளராது. எட்டி விஷம் திடீரென்று உடம்பு முழுவதையும் பிடிக்கும், ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே தசை தளரும், நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். இதோடு பந்தயக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திங்களன்று உடைந்த கொப்புளத்திலிருந்து புதனுக்குள் ரண ஜன்னி முற்றிச் சாவது பெரும்பாலும் நடவாது, நோய் வெளிப்படவே வழக்கமாக ஒரு வாரம் ஆகும். கொப்புளம் எப்போது உடைந்தது என்று தெரிந்த ஒரு பயிற்சியாளர் சொல்கிற ஒற்றை வாக்கியம் வழக்கைத் திருப்பிவிடும்.

வேதியியலை நம்பிக் கதையை முடிக்காதீர்கள். பாமர் வழக்கில் அரசுத் தரப்பு விஷ நிபுணர் ஆல்ஃப்ரெட் ஸ்வெய்ன் டெய்லர் குக்கின் உறுப்புகளில் ஸ்ட்ரிக்னினைக் கண்டுபிடிக்கவே இல்லை, ஆன்டிமனி என்ற வேறொரு விஷம்தான் கிடைத்தது. பிரேதப் பரிசோதனையில் இரைப்பையைப் போட்ட ஜாடியின் மூடித்தோலில் இரண்டு வெட்டு விழுந்திருந்தது. அதை ஏற்றிச் சென்ற வண்டிக்காரப் பையனுக்கு வண்டியைக் கவிழ்க்க 10 பவுண்டு தருவதாகப் பாமர் சொன்னார். சாட்சியமும் சூழ்நிலையுமே அவரைத் தூக்குமேடைக்கு அனுப்பின, 1856 ஜூன் 14, ஸ்டாஃபர்ட். 1878-ல் நடக்கிற கதையில் ஜாடிக்கு முத்திரை வைக்கிற காட்சியையும், அதை யார் கையில் எடுத்துப் போகிறார்கள் என்பதையும் நிதானமாக எழுதலாம். வாசகர் பதறுகிற இடம் அது.

துப்பு கிடைக்கிற அடுத்த இடம் மருந்துக் கடை. பாமர் காலத்தில் விஷ விற்பனைப் பதிவேடு ஆர்செனிக்குக்கு மட்டுமே கட்டாயம், அது 1851 சட்டம். அவர் ஸ்ட்ரிக்னின் வாங்கியது கடை உதவியாளர்களின் வாய்மொழியால்தான் நீதிமன்றத்துக்கு வந்தது. 1868 மருந்தகச் சட்டம் இதை மாற்றியது. ஸ்ட்ரிக்னின் வாங்க வருகிறவர் கடைக்காரருக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அல்லது தெரிந்தவர் அறிமுகம் செய்ய வேண்டும். தேதி, பெயர், முகவரி, அளவு, நோக்கம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆக 1878-ல் உங்கள் காவலர் மருந்துக்கடை ஏடுகளைப் புரட்டியே ஆக வேண்டும். புரட்டாவிட்டால் அவர் வேலை தெரியாதவர். கொலையாளி புத்திசாலியானால் கடைக்குத் தூய ஸ்ட்ரிக்னின் கேட்டுப் போக மாட்டான். கால்நடைக் கண்காட்சி நடக்கிற ஹாலில் எலி இல்லாமல் இருக்காது, எலிக்கொல்லிப் பொட்டலமும் இல்லாமல் இருக்காது. ஆனால் அந்தப் பொடியில் மாவும் கரியோ சாயமோ கலந்திருக்கும். தெளிந்த பிராந்தியில் போட்டால் காட்டிக்கொடுக்கும், கலங்கிய இறைச்சிச் சாற்றில் மறையும். கோப்பையின் அடியில் தங்கிய வண்டலைத் துப்பறிவாளர் பார்க்கிற காட்சி இங்கிருந்து கிடைக்கும்.

துப்பறிவாளரின் நிலைமையைப் பலர் கவனிப்பதில்லை. 1878 மார்ச்சில் ஸ்காட்லாந்து யார்டு துப்பறிவுப் பிரிவு தலைகுனிந்து நின்ற காலம். முந்தைய இலையுதிர் காலத்தில்தான் ஓல்ட் பெய்லி குற்றவியல் நீதிமன்றத்தில் துப்பறிவாளர்கள் மீதான வழக்கு முடிந்திருந்தது. ஹாரி பென்சன், வில்லியம் கர் என்ற பந்தய மோசடிக்காரர்கள் ஒரு பிரெஞ்சு சீமாட்டியிடம் சுமார் 10,000 பவுண்டு பறித்தார்கள். அவர்களிடம் மெய்க்கிள்ஜான், ட்ருஸ்கோவிச், பாமர் (ரூஜ்லி பாமர் இல்லை, வேறொருவர்) என்ற ஆய்வாளர்கள் பணம் வாங்கித் தகவல் கொடுத்தது அம்பலமாயிற்று. மூவருக்கும் இரண்டாண்டு கடுங்காவல். அதே வழக்கில் நின்ற இன்னொரு துப்பறிவாளர் கிளார்க் விடுதலையானார். இதன் விளைவாகவே 1878 ஏப்ரலில் ஹோவர்ட் வின்சென்ட் தலைமையில் குற்றப் புலனாய்வுத் துறை, அதாவது சி.ஐ.டி., தொடங்கியது. முதல் ஆஸ்ட்லி பெல்ட் முடிந்த சில வாரங்களிலேயே! பந்தயக்காரர்கள் நடுவே ஒரு துப்பறிவாளர் காலை வைத்தாலே ‘இவன் யாரிடம் வாங்குகிறான்’ என்று பார்ப்பார்கள். பந்தயப் பணம் வாங்குகிற புக்கியோடு ஒரு கோப்பை பீர் குடிப்பதே வேலைக்கு ஆபத்து. ஆனால் புக்கியிடம் பேசாமல் யார் மேல் எவ்வளவு பணம் விழுந்தது என்று தெரியாது. 1845 சட்டப்படி பந்தயக் கடனை நீதிமன்றத்தில் வசூலிக்கவும் முடியாது, எனவே அந்தக் கணக்கு நீதிமன்றத்துக்கு வராது, புக்கியிடமிருந்துதான் வர வேண்டும். இந்த இழுபறியை எழுதாமல் வெறும் மீசையும் தொப்பியும் வரைந்தால் காலம் கதைக்குள் வராது.

கையில் இல்லாதவற்றையும் நினைவில் வையுங்கள். ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு 1901-ல்தான் வந்தது. லண்டனில் தொலைபேசி இணைப்பகம் 1879-ல். தந்தி உண்டு, ரயில் உண்டு, நிழற்படம் உண்டு. மரண விசாரணை பெரும்பாலும் பக்கத்து மதுக்கடையின் மாடியறையில் நடக்கும், ஜூரிகள் பிரேதத்தை நேரில் பார்க்க வேண்டும்.

மற்ற விளையாட்டுகள் வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆள்மாறாட்டத்துக்கு 1844 டெர்பி குதிரைப் பந்தயத்தை விட்டால் ஆளில்லை. ரன்னிங் ரெய்ன் என்ற பெயரில் மூன்று வயதுக் குதிரைகளோடு ஓடி ஜெயித்தது மக்காபியஸ் என்ற நான்கு வயதுக் குதிரை. குதிரைப் பந்தயப் பிரமுகரான லார்டு ஜார்ஜ் பென்டிங்க் தாமே துப்பறிவாளராகித் தலைமுடிச் சாயம் வாங்கிய தடம் வரை தேடிப்போனார். நீதிபதி குதிரையைக் கொண்டுவரச் சொன்னார், குதிரை மாயம். குதிரையின் வயது பல்லில் தெரியும். நடுப்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்த இணை மூன்றரையிலும், மூலைப்பற்கள் நாலரையிலும் மாறும். கையுறையில்லாக் குத்துச்சண்டையில் காவல்துறையே எதிரி. 1860 ஏப்ரல் 17-ல் ஃபார்ன்பரோவில் நடந்த சேயர்ஸ்-ஹீனன் சண்டைக்கு லண்டனிலிருந்து அதிகாலையில் போகுமிடம் அறிவிக்காத சிறப்பு ரயில்கள் கிளம்பின. ஓட்டப் பந்தயத்தில் 1887 செப்டம்பர் லில்லி பிரிட்ஜ் மைதானம். ஹட்சன்ஸும் ஜென்ட்டும் ஓடவேண்டிய நாளில், யார் ஜெயிப்பது என்பதில் இரு தரப்புப் பந்தயக் கும்பல்களுக்கும் உடன்பாடு வராமல் ஓட்டமே நடக்கவில்லை, காசு கொடுத்து வந்த கூட்டம் மைதானத்தைக் கொளுத்தியது. மூன்றும் நல்ல நாவலுக்குத் தாங்கும். ஆனால் ஆள்கள் அங்கே திறந்தவெளியில் சிதறிவிடுகிறார்கள்.

இஸ்லிங்டன் ஹாலில் சிதற மாட்டார்கள், சனி இரவு வரை. ஒருவன் விழுந்து செத்தாலும் பந்தயம் நிற்காது, வாசலில் வசூல் நடந்துகொண்டிருக்கும்போது நடத்துகிறவர் நிறுத்த மாட்டார். அடுத்தவர்கள் அவன் கூடாரத்தைத் தாண்டிச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். துப்பறிவாளர் ஒரு போட்டியாளனை விசாரிக்க வேண்டுமானால் தடத்தின் ஓரமாகக் கூடவே நடந்துதான் கேட்க வேண்டும். கேள்வி பாதியில் நிற்கும், கணக்கர் மேசையைக் கடந்த பிறகு தொடரும். ஞாயிறு காலையில் கூடாரங்களைப் பிரித்துவிடுவார்கள், மண்ணை வாரிக் கொட்டிவிடுவார்கள், பயிற்சியாளர்கள் ஆளுக்கொரு ரயில் ஏறிவிடுவார்கள். அதனால் உங்கள் ஆள் முதல் காரியமாகக் கணக்கர் மேசைக்குப் போய், அதுவரை எழுதிய சுற்றுத்தாள்கள் எல்லாவற்றிலும் தன் கையெழுத்தைப் போட்டு வைக்கட்டும். அதன் பிறகு தாளில் ஒரு கோடு கூடினாலும் குறைந்தாலும், எந்த இரவு, எந்தக் கணக்கர் முறையில் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.